இராக்கம்மாவுக்காகக் கமெரா தெரிவு செய்த கதை

இராக்கம்மாவின் மகளை இராக்கம்மாவிடமே திருப்பிக் கொடுப்பதற்கு, முதலில் சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு கமெரா வாங்க வேண்டும் என்று ஊவா கீழ்மலைத் துரைமார் சங்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தது. எதிர்த்தவர் யாரும் இல்லை. இராக்கம்மா எதிர்த்திருப்பாள். ஆனால் அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, கமெரா என்றால் என்னவென்றும் தெரியாது, வாசற்படிக்கு வெளியே நிற்கிறவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதும் கிடையாது.

விஷயம் சின்னது. பதுளைக்கு மேலே நரிக்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற இராக்கம்மாவுக்கு ஒரே மகள், லெட்சுமி, எட்டு வயது. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். கூலிகளின் வரிசை வீடான லயத்தில், பக்கத்து லயத்தில் இருந்த புருஷனின் அக்கா கருப்பம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. "பச்சப் புள்ளையப் பாத்துக்க ஆளு இல்ல, ஒரு வாரத்துக்கு லெச்சுமிய விடு" என்று கேட்டாள். இவளும் விட்டாள். அந்த ஒரு வாரத்துக்குள் கருப்பம்மாவின் கங்காணி துரையோடு முறைத்துக்கொண்டு, தன் ஆட்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு மடுல்சீமைக்குப் போய்விட்டான். அங்கே கூனிமலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்த தலைகளை எண்ணி எழுதினார். லெட்சுமிக்கும் ஒரு தலை இருந்தபடியால் அவளும் எழுதப்பட்டாள். இரண்டு மாதத்தில் கருப்பம்மாவும் கைக்குழந்தையும் வயிற்றுப்போக்கில் செத்துப்போனார்கள். லெட்சுமி கங்காணி வீட்டு மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று சேதி வந்தது.

இராக்கம்மா மடுல்சீமைக்கு நடந்தே போனாள். தோட்டத்து எல்லையில் காவல்காரன் மறித்தான். கணக்கப்பிள்ளை வந்து, "எழுதின தலைய அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஒங்க தொரைகிட்டத் துண்டுச் சீட்டு வாங்கிட்டு வா" என்றார். நரிக்கல் துரையோ, "நான் துண்டு கொடுத்தா அந்தப் புள்ள என் தோட்டத்து ஆளுன்னு ஆயிரும். அது அவங்க பேரேட்டுல இருக்கு. ரெண்டு தோட்டத்து வழக்கு, சங்கத்துக்குப் போ" என்றார். அப்படித்தான் அவள் ஒன்பது மைல் நடந்து பதுளையில் சங்கக் கட்டடத்தின் படியில் வந்து நின்றாள்.

அவள் வெறுங்கையோடு வரவில்லை. கூடவே லயத்து ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். லெட்சுமிக்குத் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி ரெங்கம்மாவும் வந்திருந்தாள். சங்கத் தலைவரை ஆட்கள் மீசைத் துரை என்பார்கள். துரைமாரின் உண்மைப் பெயர் வாயில் நுழையாது என்பதால் தோட்டத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். மீசைத் துரை எழுந்து பேச, சங்கத்துப் பெரிய கிளாக்கர் அதைத் தமிழாக்கிச் சொன்னார்.

"இந்தத் தாயின் கண்ணீரைப் பார்த்துச் சங்கம் மிகவும் நெகிழ்ந்துபோயிருக்கிறது. ஆனால் கண்ணீர் எல்லோருக்கும் வரும். கூலிகளின் வாய்ச் சாட்சியைச் சங்கம் ஏற்பதில்லை. ஏற்க ஆரம்பித்தால் கூலிகள் சம்பளத்தைப் பற்றியும் சாட்சி சொல்வார்கள். பிள்ளையின் வாய்ச் சாட்சியும் ஆகாது, சோறு போடுகிறவளை எல்லாம் அது ஆத்தா என்றுதான் சொல்லும். இன்றைக்கு ஒரு தாய்க்குப் பிள்ளையைக் கொடுத்தால் நாளைக்கு எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். ஆகவே விஞ்ஞான முறைப்படி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்போம். மூக்கும் முழியும் ஒத்துப்போனால் பிள்ளையைக் கொடுப்போம். நாம் நாகரிகமானவர்கள்."

துரைமார் கைதட்டினார்கள். இராக்கம்மா ரெங்கம்மாவைப் பார்த்து, "குடுக்குறேன்னுதான சொல்றாரு?" என்று கேட்டாள்.

"படம் எழுதிட்டுக் குடுப்பாகளாம்."

"எழுதட்டும். அதுக்கு எம்புட்டு நேரம் ஆயிரப்போகுது?"

பதினாலு மாதம் ஆனது.

பதுளைக் கடைவீதியில் மணிக்கூடும் லாந்தரும் மூக்குக்கண்ணாடியும் விற்கிற ஜாபிர் முதலாளிதான் கமெராக்களைக் கொண்டுவந்து காட்ட அழைக்கப்பட்டார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. சொல்லாமல் இருக்க முடியாமல் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "தொர, டவுன்ல ஒரு படக்காரர் ஈக்கிறார். மூணு கால் வெச்ச பெரிய பொட்டி. அவர்ட்ட செல்லிக் குடுத்தா அரை மணித்தியாலத்தில எடுத்துத் தருவார்."

சங்கம் அதை ஆலோசித்து மறுத்தது. காரணம் இரண்டு. மூன்று கால் வைத்த பெட்டியைக் குதிரையில் கொண்டுபோனால் துரையின் கம்பீரம் கெடும், ஆகவே அது சட்டைப் பையில் அடங்க வேண்டும். இரண்டாவது, டவுன் படக்காரர் எவ்வளவு வெளிச்சம் விடுவது, எவ்வளவு நேரம் விடுவது என்பதைத் தானே முடிவு செய்துகொள்கிறார். சங்கத்து அங்கத்தவர் அல்லாத ஒருவர் எதையாவது தானே முடிவு செய்வது விதிக்கு முரண்.

ஜாபிர் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் மூன்று கமெராக்களை வைத்துக் கொண்டுவந்தார். முதலாவது கறுப்புப் பெட்டி. பொத்தானை அமுக்கினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மீசைத் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "பொத்தானை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். ஒரு கூலி கூட அமுக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய படம் எப்படி உண்மையாகும்?" என்று கேட்டார். அந்தப் பெட்டி வெளியேற்றப்பட்டது. இரண்டாவது மடிக்கிற கமெரா, தோல் உறை போட்டது, பார்க்க லட்சணம். ஆனால் செங்கல் அளவு இருந்தது.

மூன்றாவதுதான் எல்லோருக்கும் பிடித்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது, மடித்தால் சிகரெட் பெட்டி மாதிரி. வெளிச்சம் விடுகிற துளையைச் சின்னதாக்கப் பெரிதாக்க ஒரு முள், எவ்வளவு நேரம் திறந்து மூட வேண்டும் என்பதற்கு இன்னொரு முள், ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதற்கு ஒரு வளையம். எல்லாவற்றையும் கையால்தான் வைக்க வேண்டும், தானாக ஒன்றும் ஆகாது. "இதில் எல்லாக் கட்டுப்பாடும் நம்ம கையில ஈக்கும், தொர" என்றார் ஜாபிர். கட்டுப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டதும் சங்கம் முழுக்க ஒரு சந்தோஷம் பரவியதை இராக்கம்மா படியில் நின்றே பார்த்தாள்.

அன்றைக்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கமெரா மீசைத் துரையின் பைக்குள் போயிற்று. பக்கத்தில் இருந்த ஒல்லித் துரையின் பைக்குள் போகவில்லை. யாருடைய பையை வைத்துப் பை என்று சொல்வது? பையை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழு மாதம் ஒரு தடவை கூடும், குதிரைப் பந்தயம் உள்ள மாதம் கூடாது. நாலு மாதம் கழித்து, சங்கத்துக்கென்று ஒரு பொதுப் பை தைக்கும்படி தையற்காரருக்கு உத்தரவு போயிற்று. சட்டை வேண்டாம், பை மட்டும். அவரும் தைத்துக் கொடுத்தார். ஆவணியில் அந்தப் பையை மேசைமேல் விரித்துக் கமெராவை உள்ளே விட்டார்கள். அழகாகப் போயிற்று. திரும்ப வரவில்லை. இரண்டு துரைமார் பையைப் பிடிக்க ஒருவர் கமெராவை இழுத்தார். கடைசியில் பையைக் கத்தரித்து எடுத்தார்கள். "அடங்குகிறது" என்று கிளாக்கர் எழுதிக்கொண்டார்.

இதற்கு நீங்கள் சிரித்தால் சங்கத்தில் இருந்தவர் இல்லை என்று அர்த்தம். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பைப் பிரச்சினை தீர்ந்ததும் கட்டுப்பாட்டுப் பிரச்சினை வந்தது. மூன்று கட்டுப்பாட்டையும் ஒரே ஆளிடம் விட்டால் அவன் சர்வாதிகாரி ஆகிவிடுவான் என்று ஒல்லித் துரை எச்சரித்தார். எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு துரை நியமிக்கப்பட்டார். இராக்கம்மா அவர்களுக்கு வெளிச்சத் துரை, நேரத் துரை, தூரத் துரை என்று பெயர் வைத்துக்கொண்டாள். வெளிச்சத் துரை வானத்தைப் பார்த்து முள்ளை வைப்பார். நேரத் துரை பைக்கடிகாரத்தைப் பார்த்து வைப்பார். தூரத் துரை நாடா பிடித்து அளப்பார். ஒருவர் வைத்ததை மற்றவர் கேட்கக் கூடாது, கேட்டால் தலையீடு. கமெராவோ சட்டைப் பைக்கு அடங்குகிற அளவு. மூன்று துரைமாரின் ஆறு கையும் அதன்மேல் ஏறியதும் கமெராவே கண்ணுக்குத் தெரியவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதிரி ஆள் வேண்டுமே. வழக்கு இராக்கம்மாவுடையது, ஆகவே அவளே மாதிரி ஆள். கூட்டம் உள்ள நாளெல்லாம் விடியக் கிளம்பி ஒன்பது மைல் நடந்து வருவாள், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரோரம் நிற்பாள், மூன்று துரைமாரும் கமெராவோடு மல்லுக்கட்டுவார்கள், திரும்ப ஒன்பது மைல் நடப்பாள். மழைக்காலத்தில் அட்டை கடித்த இரத்தம் காலில் காய்ந்திருக்கும். ஜாபிர் முதலாளி கடையிலிருந்து ஒரு பணிஸ் ரொட்டி கொடுத்துவிடுவார்.

"மொதலாளி, இன்னைக்கி எடுத்த படத்துல என் மூஞ்சி விழுந்துச்சா?"

"இல்ல தங்கச்சி. வெளிச்சத் தொர இரவுக்கு வெச்ச மாதிரி வெச்சிட்டார், நேரத் தொர அஞ்சு நிமிஷம் தொறந்து வெச்சிட்டார். காயிதம் முழுக்க வெள்ள."

"அன்னைக்கி எடுத்தது?"

"அது முழுக்கக் கறுப்பு."

"அதுக்கு முந்தி?"

"அதில ஒங்கட கூடை நல்லா விழுந்தீக்கிது." ஜாபிர் பணிஸை அவள் கையில் வைத்தார். "நான் ஒரு தரம் செல்லிப் பாத்தேன், மூணையும் நானே வெச்சுத் தாரேன்னு. கடைக்காரன் கடைக்காரனா ஈக்கோணும்னு செல்லிட்டாங்க."

பதினொரு பரீட்சைப் படம் எடுத்தார்கள். மார்கழியில் சங்கத்திலிருந்து நரிக்கல் தோட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மனுதாரரின் முகம் பதினொரு படத்தில் பதினொரு விதமாக இருப்பதால், பரீட்சைக்கு வந்தது ஒரே ஸ்திரீதானா என்பதைத் தோட்டம் உறுதிப்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. தோட்டத்துக் கிளாக்கர் அவளைக் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நிறுத்தி, "நீதானா போன?" என்று கேட்டார். "நாந்தாங்க" என்றாள். "நீதான்னு நீயே சொன்னா எப்படி?" என்றார். இரண்டு வாரம் யோசித்து அவரே கையெழுத்துப் போட்டார், அதற்கு இராக்கம்மாவுக்கு ஒரு சேவல் செலவாயிற்று.

இராக்கம்மாவுக்கு இந்தக் காலமெல்லாம் ஒரே கவலைதான். லெட்சுமி போகும்போது கீழ்வாயில் ஒரு பல் விழுந்திருந்தது. இப்போது முளைத்திருக்குமே, பல் முளைத்த முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பாள். கொழுந்து பறிக்கிற நேரத்தில் நினைப்பு வந்தால் விரல் முற்றிய இலையைக் கிள்ளிவிடும், கங்காணி திட்டுவான். பிள்ளை தன் முகத்தை மறந்துவிடுமோ என்ற பயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பதினாலாம் வருஷம் சித்திரையில் கடைசியாக நாள் குறித்தார்கள். மூன்று துரைமாரும் இணங்கி, வெயில் உள்ள நாளில் முள்ளை எங்கே வைப்பது என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அது அப்படியே கமெராவோடு வந்த காகிதத்தில் அச்சடித்திருந்த பட்டியல்தான். ஜாபிர் அதை முதல் மாதமே மேசையில் வைத்திருந்தார். அதைச் சங்கத்தின் கண்டுபிடிப்பாக ஏற்றுக்கொண்டு ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

கூனிமலைத் தோட்டம் ஒரு நாளைக்கு மட்டும் பிள்ளையை அனுப்பச் சம்மதித்தது. கங்காணியின் ஆள் ஒருவன் கூட்டிவந்தான். இராக்கம்மா சுவரோரம் நின்றிருந்தாள். வெளிவாசலில் ஒரு பிள்ளை வந்தது. உயரமாக, கறுத்து, தலைமயிர் செம்பட்டை பிடித்து, கையெல்லாம் புல் கிழித்த கோடு. இராக்கம்மா ஓடினாள். பெரிய கிளாக்கர் குறுக்கே கை நீட்டினார்.

"ஏய், எங்க ஓடுற? படத்துக்கு முன்னாடி தொடக் கூடாது. தொட்டா ரெண்டு பேரு மூஞ்சியும் மாறிரும்னு தொரமாரு சொல்லியிருக்காங்க. அழவும் கூடாது, மூக்கு வீங்கிரும்."

இருவரையும் சுவரோரம் நிறுத்தினார்கள். இராக்கம்மாவுக்கு வலது பக்கம் லெட்சுமி. தூரத் துரை நாடா பிடித்தார். பதினாலு மாதத்துக்கும் மேலே பிரிந்திருந்து இப்போது பக்கத்தில் நிற்கிற மகளை அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, இருவரும் கமெராவின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். வெளிச்சத் துரை வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் வந்தது. அது போகும்வரை காத்திருந்தார்கள்.

"ஆத்தா" என்றது பிள்ளை, உதட்டை அசைக்காமல்.

"என்ன தாயி?"

"நீங்கதானா?"

"நாந்தான்டி. பேசாத. அசையாம நில்லு. அசஞ்சா படம் கெட்டுரும், கெட்டா ஒன்னக் குடுக்க மாட்டாக."

"பல்லு மொளச்சிருச்சு ஆத்தா. பாக்குறீகளா?"

"அப்பறம் பாக்குறேன் கண்ணு. அந்தக் கண்ணாடியப் பாரு."

மேகம் விலகியது. நேரத் துரை விரலைக் கொண்டுபோனார். அந்தக் கணத்தில் இராக்கம்மாவால் முடியவில்லை. அவள் அசையவில்லை, திரும்பவில்லை, அழவும் இல்லை. வலது கை மட்டும் தானாகப் போய்ப் பிள்ளையின் தோளைச் சுற்றிக்கொண்டது. 'டிக்' என்று சத்தம் கேட்டது. மூன்று துரைமாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கங்காணியின் ஆள் லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனான். படம் கழுவி, சங்கம் பார்த்து, ஒரு வாரத்தில் முடிவு வரும் என்றார்கள். பல்லைப் பார்க்க நேரம் இல்லை.

படம் அற்புதமாக வந்திருந்தது என்று ஜாபிர் பின்னால் சொன்னார். அவர்தான் கழுவிக் கொடுத்தார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, குருடன் தடவிப் பார்த்தாலும் தாயும் மகளும் என்பான். சங்கமும் ஏகமனதாக மெச்சியது. ஒரு படத்துக்கு இரண்டு பிரதி போட்டால் ஓர் ஆள் இரண்டு ஆளாகிவிடும் என்ற விதிப்படி, ஒரே பிரதி எடுத்துக்கொண்டு பிலிமை எரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் பெரிய கிளாக்கர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். படத்தை எந்தத் தோட்டத்துக் கோப்பில் வைப்பது?

மீசைத் துரை இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "நரிக்கல் தோட்டத்து ஆளைக் கூனிமலைத் தோட்டம் வைத்திருந்தால் அது ஆள் கடத்தல். ஆள் இருந்தால் என்ன, ஆளின் படம் இருந்தால் என்ன? குற்றம் குற்றமே. சங்கமே சட்டத்தை மீறலாமா? அவரவர் ஆள் அவரவர் கோப்புக்குப் போகட்டும்."

கத்தரிக்கோல் வந்தது. நேர்கோடு போட்டு, இருவருக்கும் நடுவே, படத்தை இரண்டாக வெட்டினார்கள். லெட்சுமியின் பாதி மடுல்சீமைக்குப் போயிற்று. இராக்கம்மாவின் பாதி நரிக்கல்லுக்கு வந்தது.

அடுத்த வாரம் பெரட்டில் நரிக்கல் கிளாக்கர் அந்தப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு இராக்கம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு எடது கை மட்டுந்தான் இருக்கு."

"இந்தா ரெண்டு கையும் இருக்குங்களே சாமி!" அவள் இரண்டையும் நீட்டினாள்.

"கையக் காட்டாத. சங்கத்து முத்திரையோட வந்த படத்துல வலது கை தோளோட நிக்கிது. நான் என்ன செய்யட்டும்?"

முழு வேலைக்கு முழுப்பேர், பாதி வேலைக்கு அரைப்பேர் என்று கூலி எழுதுவது தோட்டத்து வழக்கம். ஒற்றைக்கை ஆள் முழு வேலை செய்ய முடியாது என்பதால் அன்றிலிருந்து இராக்கம்மாவுக்கு அரைப்பேர்தான். இரண்டு கையாலும் கூடை நிறையப் பறித்துக் கொட்டுவாள். நிறுத்துப் பார்ப்பார்கள், எடை சரியாக இருக்கும், அரைப்பேர் போடுவார்கள்.

மடுல்சீமைக் கிளாக்கரும் லேசுப்பட்டவர் இல்லை. தன் பாதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சங்கத்துக்கு எழுதினார்: இந்தப் பிள்ளைக்கு மூன்று கை இருக்கிறது. இரண்டு அதனுடையது. தோளின் மேல் இருக்கும் மூன்றாவது கை, பெரிய ஸ்திரீயுடையது, எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலும் காணோம்.

சங்கம் அவசரமாகக் கூடியது. இராக்கம்மாவை வரச்சொன்னார்கள். அவள் ஒன்பது மைலையும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். படியில் ஜாபிர் நின்றிருந்தார். "அது ஒங்கட கைதான், முழுப் படத்தில நான் கண்ணால கண்டேன், தொரமார்ட்ட செல்லிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேக்க மாட்டாங்க தங்கச்சி" என்றார்.

"அந்தக் கை எங் கைதாங்க தொரைகளே" என்று இராக்கம்மா வாசலிலிருந்து கத்தினாள். "எம் புள்ளைய நாந்தாங்க புடிச்சிருந்தேன்."

மீசைத் துரை நரிக்கல்லிலிருந்து வரவழைத்த பாதியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மனுதாரருக்கு வலது கை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. பிள்ளையின் தோளில் இருப்பதோ வலது கை. ஆகவே அது இவளுடையது ஆகாது. எவ்வளவு பாசமாகப் பிடித்திருக்கிறது, பாருங்கள்! தாயின் கை அல்லாமல் வேறு யார் கை இப்படிப் பிடிக்கும்? அந்தக் கைக்குச் சொந்தக்காரி எங்கோ தன் பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருப்பாள். அவள் வந்தால் மறுபேச்சில்லாமல் பிள்ளையைக் கொடுத்துவிடுவோம். வரும்வரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதுதான் நியாயம்."

துரைமார் கைதட்டினார்கள். அந்தத் தாயைத் தேடி ஊவா முழுவதும் எல்லாத் தோட்டத்துக்கும் சுற்றறிக்கை அனுப்புவதென்று தீர்மானம் ஆயிற்று.

கிளாக்கர் தமிழில் சொல்லி முடிக்கும்வரை இராக்கம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகும் போகத் தெரியாமல், தலைக்குமேல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டபடி அங்கேயே நின்றாள்.

மனுதாரர் இடது கையால் கும்பிட்டுவிட்டுப் போனார் என்று கிளாக்கர் எழுதிக்கொண்டார்.